ஹித்தீனின் தண்ணீரும் ஸூரின் துறைமுகமும்

போர்க்கலையில் மிகப் பழைய வினா ஒன்று உண்டு. எதிரியின் நிலத்துக்குள் நுழைகின்ற படை முதலில் எதைக் குறிவைக்க வேண்டும்? எதிரியின் படையையா? அல்லது அந்தப் படைக்குச் சோறும் நீரும் பொருளும் தருகின்ற வயல், கிணறு, கோட்டை, துறைமுகம் ஆகியவற்றையா? படையை முறித்துவிட்டால் மற்றவை தாமே கைக்கு வரும் என்பார் ஒரு சாரார். வளங்களைப் பறித்துவிட்டால் படை தானே வாடிப்போகும் என்பார் மறுசாரார்.

இவ்வினாவுக்கு ஏட்டில் விடை தேடுவதைவிட, ஒரு மனிதரின் வாழ்வில் தேடுவது நமக்கு எளிது. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் கடைசிப் பத்தாண்டுகளே அந்த உரைகல். நம் மேடைகளில் ஹித்தீன் போர் அடிக்கடி பேசப்படுகிறது. பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்டதுடன் அந்தப் பேச்சு துஆவில் முடிந்துவிடும். ஹித்தீனுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளையும் பிந்தைய ஐந்து ஆண்டுகளையும் நம் பிள்ளைகள் கேட்பதில்லை. ஆனால், பாடத்தின் பெரும்பகுதி அந்த ஒன்பது ஆண்டுகளில்தான் இருக்கிறது.

வயலை எரித்தும் அசையாத படை

கி.பி. 1183இல் ஹலப் நகரம் சுல்தானின் ஆட்சிக்குள் வந்தது. மிஸ்ரும் ஷாமும் ஒரு தலைமையின் கீழ் திரண்ட வேளை அது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் அவர் ஜோர்தான் நதியைக் கடந்து சிலுவைப்படையினரின் ஆட்சிப் பகுதிக்குள் நுழைந்தார். பைஸான் நகர மக்கள் முன்னரே வெளியேறியிருந்தனர், அந்நகரம் கொளுத்தப்பட்டது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் விளைநிலங்களிலும் குதிரைப்படையினர் புகுந்து சூறையாடினர்.

இதன் நோக்கம் தெளிவானது. வளங்கள் அழிவதைக் காணப் பொறுக்காமல் எதிரி திறந்தவெளிக்கு வந்து போரிடுவான் என்று சுல்தான் எதிர்பார்த்தார். அது நடக்கவில்லை. நோயுற்ற மன்னர் நான்காம் பால்ட்வினுக்குப் பதிலாகப் பொறுப்பேற்றிருந்த கீ தெ லூசிஞன் பெரும்படையுடன் வந்தார். ஐன் ஜாலூத் ஊற்றுகளின் அருகே பாளையம் இறங்கினார். அங்கிருந்து அசைய மறுத்தார். பிற்காலத்தில், 1260ஆம் ஆண்டு, மம்லூக்குகள் தாத்தாரியரைத் தோற்கடித்தது அதே ஐன் ஜாலூத்தில்தான். சில நாட்களில் இரு பாளையங்களிலும் உணவு குறைந்தது. அக்டோபர் தொடக்கத்தில் சுல்தான் திரும்பிச் சென்றார்.

நிலம் கருகியது, எதிரியின் படையோ முழுமையாக இருந்தது. கீ செய்தது போர்முறைப்படி சரியே. எனினும் அவருடைய சக பிரபுக்கள் அதனைக் கோழைத்தனம் என்று இகழ்ந்தனர். அவரது பொறுப்பும் பறிக்கப்பட்டது. இந்த இகழ்ச்சியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அது திரும்ப வரும்.

கோட்டைகளைக் குறிவைப்பதும் அக்காலத்தில் பயன் தரவில்லை. கரக் கோட்டையைச் சுல்தான் 1183இன் இறுதியில் முற்றுகையிட்டார். 1184இல் மீண்டும் முற்றுகையிட்டார். இருமுறையும் சிலுவைப்படை உதவிக்கு வந்தது. இருமுறையும் முற்றுகை விலக்கப்பட்டது. சுவரை உடைக்கும் பொறிகள் சுல்தானிடம் இருந்தன. ஆனால், சுவருக்கு உள்ளே இருந்தவர்களின் உண்மையான பாதுகாப்பு சுவருக்கு வெளியே, எங்கோ ஓர் ஊற்றங்கரையில் கூடியிருந்த படையே.

மேலும் ஒரு செய்தி. 1184இல் அந்தலூஸைச் சேர்ந்த பயணி இப்னு ஜுபைர், திப்னீனிலிருந்து அக்கா நோக்கிச் சென்ற வழியில், சிலுவைப்படையினரின் ஆட்சியில் வாழ்ந்த முஸ்லிம் குடியானவர்களைக் கண்டார். அவர்கள் விளைச்சலில் பாதியையும் ஒரு தலைவரியையும் செலுத்தி வாழ்ந்ததை அவர் எழுதிவைத்திருக்கிறார். ஆளுவோர் எதிரிகளாக இருக்கலாம். உழுதவர் எல்லோரும் எதிரிகளாக இருக்கவில்லை. அத்தகைய நாட்டில் வயலுக்குத் தீ வைத்தால் அந்தப் புகை முதலில் எவருடைய வீட்டுக்குள் நுழையும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊற்றிலிருந்து பெயர்க்கப்பட்ட படை

1187ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 583. போர்நிறுத்தம் நடப்பில் இருக்கும்போதே கரக்கின் பிரபு ரெய்னால்ட் முஸ்லிம்களின் வணிகக் கூட்டமொன்றைக் கொள்ளையடித்திருந்தார். ஈடு செய்யவும் மறுத்துவிட்டார். சுல்தான் மிஸ்ர், ஷாம், ஜஸீரா பகுதிகளின் படைகளைத் திரட்டினார். வரலாற்றாசிரியர்களின் கணிப்பில் அவரிடம் ஏறத்தாழ 30,000 பேர் இருந்தனர். எதிரே ஏறத்தாழ 20,000 பேர். அவர்களுள் 1,200 பேர் கவசமணிந்த குதிரைவீரர்கள். சிலுவைப்படை முன்போலவே நீர்வளம் மிக்க ஸஃப்ஃபூரிய்யாவில் இறங்கியிருந்தது. அங்கே அதைத் தாக்குவது பயனற்றது என்பதைச் சுல்தான் 1183இலேயே அறிந்திருந்தார்.

ஆகவே இம்முறை அவர் வேறொரு வழியை மேற்கொண்டார். ஸஃப்ஃபூரிய்யாவுக்கும் தபரிய்யாவுக்கும் இடைப்பட்ட வழியை நோக்கும் கஃப்ர் ஸப்த் மேட்டில் பெரும்படையை நிறுத்தினார். ஜூலை 2 அன்று படையின் ஒரு பகுதியுடன் சென்று தபரிய்யாவைத் தாக்கினார். நகரம் ஒரே நாளில் வீழ்ந்தது. அதன் உள்கோட்டையில் திரிப்போலியின் பிரபு ரேமண்டின் மனைவி எஷீவா தங்கியிருந்தார்.

அன்றிரவு சிலுவைப்படையின் ஆலோசனையில் ரேமண்ட் பேசிய கருத்து, நம் வினாவுக்கு எதிர்த்தரப்பிலிருந்து வந்த விடை. தபரிய்யா என்னுடையது, உள்ளே இருப்பவள் என் மனைவி, ஆயினும் போனால் போகட்டும், நகரத்தை மீண்டும் கட்டலாம், மனைவியைப் பணம் கொடுத்து மீட்கலாம், இந்தப் படையை இழந்தால் நாட்டையே இழப்போம் என்பது அவர் வாதத்தின் சாரம். மன்னர் முதலில் இதனை ஏற்றார். நள்ளிரவில் டெம்ப்ளர்களின் தலைவர் ஜெரார்ட் மன்னரிடம் தனித்துப் பேசி, ரேமண்டின் சொல் துரோகியின் சொல் என்றார். அப்போது மன்னராக இருந்தவர் வேறு யாருமில்லை, அதே கீதான். போரிடாமல் இருந்ததற்காக ஒருமுறை பொறுப்பை இழந்தவர். அந்த வடு அவரது தீர்ப்பைச் சாய்த்திருக்கும் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். விடியலில் படை புறப்பட ஆணை பிறந்தது.

ஜூலை 3, வெள்ளிக்கிழமை. தபரிய்யா ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு. கடும் கோடை. வழியில் துர்ஆன் ஊற்று இருந்தது. அத்துணைப் பெரிய படைக்கு அது போதாது. அதனைத் தாண்டிப் படை முன்னேறியதும் சுல்தானின் குதிரைப்படை பின்னால் சுற்றி வந்து, திரும்பும் வழியை அடைத்தது. மாலையில் அவர்கள் நீரில்லாத மேட்டுநிலத்தில் தங்கினர். முஸ்லிம் பாளையத்துக்கோ தபரிய்யா ஏரியிலிருந்து ஒட்டகங்கள் தோற்பைகளில் நீர் சுமந்து வந்தன. காய்ந்த புல்லுக்குத் தீயிடப்பட்டது. தாகத்துடன் புகையும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் சனிக்கிழமை, ஹித்தீன் குன்றின் இரட்டை முனைகளின் மேல் போர் முடிவடைந்தது. வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். எதிரிகள் பின்வாங்குவதைக் கண்டு சுல்தானின் இளம் மகன் அஃப்ளல், வென்றுவிட்டோம் என்று கூவினார். மன்னரின் கூடாரம் சாயும் வரை வெற்றி இல்லை என்று சுல்தான் அவரை அடக்கினார். சொல்லி முடிக்கும் முன்பே கூடாரம் சாய்ந்தது; சுல்தான் இறங்கிச் சுஜூதில் வீழ்ந்தார். மன்னர் சிறைப்பட்டார், அவருக்குக் குளிர்ந்த நீர் தரப்பட்டது. உடன்படிக்கையை முறித்த ரெய்னால்டைச் சுல்தான் தம் கையாலேயே வெட்டினார். சிறைப்பட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் வீரர்கள் இரண்டு நாட்களுக்குப் பின் கொல்லப்பட்டனர். இதையும் மறைக்காமல் சொல்வதே வரலாற்றுக்கு நாம் செய்யும் நீதி. எஷீவா தம் உடைமைகளுடன் பாதுகாப்பாக அனுப்பிவைக்கப்பட்டார்.

இங்கே சுல்தான் குறிவைத்தது படையா, வளமா? நகரத்தைத் தாக்கியது படையை ஊற்றிலிருந்து பெயர்ப்பதற்காக. நீரை அடைத்தது அந்தப் படையை முறிப்பதற்காக. வளம் அவருக்குக் கருவியாக இருந்தது. படை இலக்காக இருந்தது. 1183இல் எரித்த வயல்களால் ஆகாத காரியம், 1187இல் ஒரு நாள் தண்ணீரால் ஆயிற்று.

படை போனபின் கோட்டைகள்

பெரும்படையைத் திரட்டுவதற்காகச் சிலுவைப்படையினர் தம் கோட்டைகளின் காவலர்களை வெளியே கொணர்ந்திருந்தனர். அந்தப் படை அழிந்ததும் கோட்டைகள் வெறும் கற்சுவர்களாயின. ஒரு வாரத்துக்குள் அக்கா பணிந்தது. நாப்லுஸ், யாஃபா, ஸைதா, பைரூத் என்று ஒவ்வொன்றாக வந்தன. செப்டம்பர் தொடக்கத்தில் அஸ்கலான் பணிந்தது. அக்டோபர் 2 அன்று, ரஜப் 27இல், பைத்துல் முகத்தஸ் உடன்படிக்கையின் பேரில் கைக்கு வந்தது. ஆணுக்குப் பத்து தீனார், பெண்ணுக்கு ஐந்து என்று மீட்புத்தொகை குறிக்கப்பட்டது. செலுத்த இயலாதவர் பலரைச் சுல்தானும் அவர் சகோதரர் ஆதிலும் விடுவித்தனர்.

ஹித்தீன் முடிந்ததும் சுல்தான் ஏன் நேராக பைத்துல் முகத்தஸுக்குச் செல்லவில்லை என்று மத்ரஸா மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. கடற்கரை திறந்திருக்கும் வரை ஐரோப்பாவிலிருந்து புதிய படைகள் வந்துகொண்டே இருக்கும். துறைமுகங்களை முதலில் மூடாமல் உள்நாட்டு நகரத்தில் அமர்ந்தால் அது நிலைக்காது. மூன்று மாதங்களாகச் சுல்தான் செய்தது அந்த வாயில்களை அடைக்கும் வேலை. ஆனால் ஒரு வாயில் அடைபடவில்லை.

அடைபடாத வாயில்

ஸூர் நகரம் கடலுக்குள் நீண்டிருக்கிறது. குறுகிய ஒரு நிலப்பட்டையால் மட்டுமே கரையோடு இணைந்திருந்தது. ஹித்தீனுக்குப் பின் சில நாட்களில் மொன்ஃபெராட்டின் கான்ராட் என்ற பிரபு கப்பலில் வந்து அந்நகரின் காவலை ஏற்றார். மதில்கள் பலப்படுத்தப்பட்டன. இதற்கிடையில், பணிந்த நகரங்களிலிருந்து சுல்தான் விடுவித்த வீரர்களும் பிரபுக்களும் ஸூரில் போய்க் கூடினர். அபயம் கொடுத்ததும் சொன்ன சொல்லைக் காத்ததும் உயர்ந்த பண்புகள். எனினும் அவர்கள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்பது கவனிக்கப்படவில்லை.

நவம்பரில் சுல்தான் ஸூரை முற்றுகையிட்டார். குளிர்காலம், படையினர் களைத்திருந்தனர், டிசம்பர் இறுதியில் அவருடைய கப்பல்களுள் ஐந்தை எதிரிகள் கைப்பற்றினர். 1188 ஜனவரி தொடக்கத்தில் முற்றுகை விலக்கப்பட்டது. இதற்கான பொறுப்பு சுல்தானையே சாரும் என்று இப்னுல் அஸீர் வெளிப்படையாக எழுதினார். ஒரு முஸ்லிம் வரலாற்றாசிரியர் தம் காலத்தின் மாபெரும் முஸ்லிம் தலைவரை இவ்வாறு எடைபோட்டது குறைகூறும் ஆசையால் என்று நாம் கருதவில்லை. வெற்றியை மட்டும் எழுதிவைத்தால் அடுத்த தலைமுறைக்கு எச்சரிக்கை கிடைக்காது.

விளைவு விரைவில் வந்தது. சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட மன்னர் கீ, 1189 ஆகஸ்டில் ஸூரின் பக்கமிருந்து புறப்பட்டு அக்காவை முற்றுகையிட்டார். கடல் வழியாக ஐரோப்பியப் படைகள் வந்து சேர்ந்தவண்ணம் இருந்தன. 1191இல் பிரான்ஸின் மன்னர் பிலிப்பும் இங்கிலாந்தின் மன்னர் ரிச்சர்டும் வந்தனர். ஏறத்தாழ இரண்டாண்டு முற்றுகைக்குப் பின், 1191 ஜூலை 12 அன்று அக்கா வீழ்ந்தது. ஆகஸ்ட் 20 அன்று சிறைப்பட்டிருந்த முஸ்லிம்களுள் ஏறத்தாழ 2,700 பேரை ரிச்சர்ட் கொன்றார். ஹித்தீனில் அழிக்கப்பட்ட ஒரு படை, ஒரே ஒரு துறைமுகத்தின் வழியே மறுபடியும் பிறந்துவிட்டது.

ரிச்சர்டுக்கும் அதே வினா

இப்போது உள்ளே நுழையும் படை ரிச்சர்டுடையது. செப்டம்பர் 7 அன்று அர்ஸூஃபில் அவர் சுல்தானின் படையைப் பின்வாங்கச் செய்தார். ஆனால் அழிக்க இயலவில்லை. அடுத்து அவர் அஸ்கலானை நோக்கக்கூடும். மிஸ்ருக்கும் ஷாமுக்கும் இடைப்பட்ட வழியின் பூட்டு அந்நகரம். அதையும் காத்து பைத்துல் முகத்தஸையும் காக்கப் போதிய ஆட்கள் சுல்தானிடம் இல்லை. ஆகவே தம் சொந்த நகரமான அஸ்கலானை இடிக்க அவரே ஆணையிட்டார். அதன் ஒரு கல்லைப் பெயர்ப்பதைவிடத் தம் பிள்ளைகளை இழப்பதே தமக்கு எளிது என்ற பொருள்பட அவர் வருந்தியதை, உடனிருந்த காஜி பஹாஉத்தீன் இப்னு ஷத்தாத் பதிவு செய்திருக்கிறார். மக்கள் தம் பொருட்களைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வெளியேறினர். வளத்தை அழிப்பது என்று ஏட்டில் எழுதும் இரண்டு சொற்கள், உண்மையில் எவ்வளவு கண்ணீர் என்பதை அந்தப் பதிவு காட்டுகிறது.

ரிச்சர்ட் இருமுறை, 1192 ஜனவரியிலும் ஜூனிலும், பைத் நூபா வரை வந்தார். அங்கிருந்து பைத்துல் முகத்தஸ் ஒரு நாள் நடைக்குள். இருமுறையும் திரும்பினார். கடற்கரையிலிருந்து உணவு வரும் வழி நீளமானது. நகரைச் சுற்றியிருந்த கிணறுகளையும் நீர்த்தேக்கங்களையும் சுல்தான் முன்னரே பயன்படாதவாறு செய்திருந்தார். நகரைப் பிடித்தாலும் காக்க ஆளில்லை என்பது ரிச்சர்டுக்குப் புரிந்தது. சுல்தானின் பொருளும் ஆட்களும் வருகின்ற மிஸ்ரைத் தாக்குவதே முறை என்று அவர் வாதிட்டார். போர்க்கணக்கில் அது தவறான கருத்தன்று. ஆயினும் அவருடைய படையினர் புனித நகரத்துக்காக வந்தவர்கள். மிஸ்ர் என்ற பெயர் பலரை அசைக்கவில்லை. இரண்டுமே நடக்கவில்லை. செப்டம்பர் 2 அன்று உடன்படிக்கை ஏற்பட்டது. பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்களிடம் நிலைத்தது; ஸூரிலிருந்து யாஃபா வரையிலான கடற்கரை சிலுவைப்படையினரிடம் தங்கியது. ஆறு மாதங்களில், 1193 மார்ச் 4 அன்று, சுல்தான் வஃபாத்தானார்கள். கடற்கரை முழுவதும் மீட்கப்பட்டது 1291இல். ஹித்தீனுக்கும் அதற்கும் இடையில் 104 ஆண்டுகள்.

நீரும் மரமும் எவருக்கு உரியவை?

ஆகவே, படையா வளமா என்ற வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை இதுவென நாம் கருதுகிறோம்: படை நிற்கும் வரை வளத்தைப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் வைத்துக்கொள்ள முடியாது. படையை மீண்டும் பிறப்பிக்கும் வாயிலை அடைக்காத வரை, படையை அழித்ததும் நிலைக்காது. முதலில் படை, உடனே, தாமதமின்றி, அதன் ஊற்றுக்கண்.

ஆனால் நமக்கு இத்துடன் வினா முடிந்துவிடாது. எது வெல்லும் என்பது தளபதியின் கேள்வி. எது ஆகும் என்பது முஃமினின் கேள்வி.

ஷாம் நோக்கிப் படை புறப்பட்டபோது தளபதி யஸீத் இப்னு அபீஸுஃப்யான் (ரலி) அவர்களுக்கு கலீஃபா அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் வழங்கிய அறிவுரைகளை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். பெண்கள், குழந்தைகள், முதியோரைக் கொல்லலாகாது, கனிதரும் மரங்களை வெட்டலாகாது, குடியிருப்புகளைப் பாழாக்கலாகாது, உண்பதற்கன்றி ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்கலாகாது என்பன அவற்றுட் சில. இமாம் அவ்ஸாயீ (ரஹ்) இதனை நிலையான விதியாகக் கொண்டார்கள். ஏனைய இமாம்கள் பலர், ஸூரத்துல் ஹஷ்ரில் பனூ நளீர் கோத்திரத்தாரின் பேரீச்ச மரங்கள் பற்றி வந்திருப்பதைச் சான்றாகக் கொண்டு, போரின் தேவை கருதி அனுமதித்தார்கள். ஷாம் முஸ்லிம்களின் கைக்கு வரும் என்று அறிந்திருந்ததால் அபூபக்ர் (ரலி) அவர்கள் அதன் மரங்களை விட்டுவைக்கச் சொன்னார்கள் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் விளக்கம். இவ்விளக்கத்தில் போர்க்கலையின் ஓர் உண்மையும் அடங்கியிருக்கிறது: இன்று வெட்டும் மரத்தின் நிழல் நாளை யாருக்குத் தேவைப்படும் என்று எண்ணியே கோடரியை எடுக்க வேண்டும்.

பத்ரிலும் நீரே முதலில் கைக்கொள்ளப்பட்டது. ஹுபாப் இப்னுல் முன்திர் (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி படை நீர்நிலையின் அருகே இறங்கியது. அதே நாளில் குறைஷியருள் சிலர் அந்தத் தொட்டியில் நீர் குடிக்க வந்தபோது, அவர்களை விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதும் ஸீரா நூல்களில் வருகிறது. ஆயுதம் தரித்து வரும் படையின் வழியில் நீரை மறிப்பது வேறு. தொட்டில் குழந்தையின் வீட்டுக்குப் போகும் நீரை அடைப்பது வேறு. ஹித்தீனில் தாகித்தவர்கள் போரிட வந்த படையினர். ஓர் ஊரின் மக்களுக்கு அந்தத் தாகம் திணிக்கப்படவில்லை.

இன்றைய உலகமும் நெடுங்காலம் கழித்து இந்த எல்லைக்கோட்டை எழுத்தில் வரைந்தது. 1977ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளுடன் இணைக்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறையின் 54ஆம் பிரிவு, பொதுமக்களின் வாழ்வுக்கு இன்றியமையாத உணவு, விளைநிலம், குடிநீர் அமைப்புகள் ஆகியவற்றைத் தாக்கி அழிப்பதைத் தடைசெய்கிறது. படையினருக்கு மட்டுமே பயன்படும் உணவையும் நீரையும் அது வேறாக வைக்கிறது. எழுதிவைத்த விதி மீறப்படுவதை நாம் அன்றாடம் செய்திகளில் காண்கிறோம். குடிநீர்க் குழாயும் மாவு ஆலையும் மின்நிலையமும் தாக்கப்படும்போதெல்லாம், போரின் தேவை என்ற ஒரே காரணமே சொல்லப்படுகிறது. அக்காரணத்தைக் கேட்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்த நீரை யார் குடித்தார்கள்?

ஹித்தீனை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். சொல்லும்போது ஸூரையும் சேர்த்துச் சொல்வோம். அஸ்கலானின் கற்களையும் சொல்வோம். எதிரணியிலிருந்த ரேமண்டின் அறிவையும், நம் அணியிலிருந்த மாபெரும் தலைவருக்கு நேர்ந்த பிழையையும் நேர்மையுடன் சொல்வோம். வெற்றியின் கதை பிள்ளைகளுக்கு வீரத்தைத் தரும். முழுக் கதையே அவர்களுக்கு அறிவையும் வரம்பையும் தரும். இரண்டும் பெற்ற தலைமுறையாக நம் சந்ததியை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.